எஃப்எஸ்ஜிஎஸ் பயாப்ஸி ரிப்போர்ட்டை எங்கிருந்து படிப்பது?

சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. எஃப்எஸ்ஜிஎஸ், அதாவது சிறுநீரக வடிகட்டிகள் சிலவற்றின் ஒரு பகுதியில் தழும்பு விழுவது, என்று வந்துவிட்டால் பலரும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கலங்குகிறார்கள். அந்த வரி சொல்வது தழும்பு விழுந்திருக்கிறது என்பதை மட்டும்தான். விழ வைத்தது எது என்பதற்கான தடயம் அதற்கு மேலே இருக்கிறது.

முதலில், எத்தனை குளோமெருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) கிடைத்தது என்று பாருங்கள். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் உண்டு. ஊசியில் வருவது பத்து, இருபது. தழும்போ அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் ஆழத்தில் இருப்பவற்றில்தான் முதலில் விழும். ஐந்தாறு மட்டுமே வந்து எல்லாம் பாதிப்பில்லாமல் தெரிந்தால், நோய் ஊசிக்குத் தப்பியிருக்கலாம்.

அப்புறம் நேராக எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பகுதிக்குப் போங்கள். குளோமெருலஸின் ரத்தக் குழாய்களை வெளிப்பக்கமாகப் போடோசைட் செல்கள் விரல் கோத்ததுபோல் பிடித்திருக்கும். இடுக்குகளில் நெஃப்ரின், போடோசின் புரதங்கள் சேர்ந்த மெல்லிய சவ்வு. உள்ளே ஆக்டின் இழைகள் வடிவம் தருகின்றன. செல்லுக்கு அடி விழுந்ததும் ஆக்டின் குலைந்து, கோத்த அமைப்பு தட்டையாகி, ரத்தப் புரதமான அல்புமின் சிறுநீரில் கசிகிறது. இதைத்தான் எஃபேஸ்மென்ட் என்று எழுதுகிறோம்.

அதன் சதவீதம் முக்கியம். 80-க்கு மேல், எல்லா இடத்திலும் என்றால், ரத்தத்தில் சுற்றும் ஏதோ ஒன்று எல்லா போடோசைட்டையும் தாக்குகிறதோ என்று சந்தேகிப்போம். சில நோயாளிகளிடம் நெஃப்ரினையே குறிவைக்கும் ஆன்டிபாடி இருப்பதை 2022 முதல் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. திட்டுத் திட்டாக மட்டும் என்றால் பெரும்பாலும் உடல் பருமன், ஒற்றைச் சிறுநீரகம் போன்றவற்றால் பாரம் கூடிய கதை. அதற்கு ஸ்டீராய்டு வழியல்ல. மரபணுக் கோளாறு மட்டும் இரண்டு விதமாகவும் வந்து ஏமாற்றும். குழந்தை ஸ்டீராய்டுக்கு மசியவில்லை, பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் என்பிஎச்எஸ்2 (போடோசினுக்கான மரபணு) உள்ளிட்ட மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இனி சாதாரண நுண்ணோக்கிப் பகுதி. போடோசைட் உதிர்ந்தால் பக்கத்துச் செல் இரண்டாகப் பெருகி அந்த இடத்தை நிரப்பாது. வெறுமையான குழாய்ச் சுவர் எதிரே குளோமெருலஸைச் சுற்றியுள்ள பௌமன் உறையில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிச் சாயம் போட்ட ஸ்லைடில் அந்த ஒட்டல் கறுப்பாகத் தெரியும். தழும்பு தொடங்குவது அங்கேதான். எலிகளில் போடோசைட் இழப்பு 20 சதவீதத்தைத் தாண்டியதும் ஒட்டலும் தழும்பும் வந்தன. 40-ஐத் தாண்டியதும் முழுக் குளோமெருலஸ்களும் தழும்பாயின.

வகைப் பெயர்கள் ஐந்து. டிப் (நுனியில் மட்டும் பாதிப்பு) என்றால் சற்று ஆறுதல். கொலாப்சிங் (ரத்தக் குழாய்கள் சுருங்கி மடிந்தது) என்றால் நிலைமை கடினம், எச்ஐவி பரிசோதனையும் வேண்டும். மற்றவற்றில் பெயரைவிட, குளோமெருலஸ்களுக்கு வெளியே இடைத்திசுவில் தழும்பு எத்தனை சதவீதம் என்பதையே நான் பெரிதாகப் பார்ப்பேன்.

எலக்ட்ரான் பகுதியே இல்லையா? அதற்கென்று குளூட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் திரவத்தில் எடுத்து வைத்த துண்டு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் சாதாரண நுண்ணோக்கிக்காகத் திசுவைப் பதித்த பாரஃபின் மெழுகுக் கட்டியிலிருந்தே ஒரு துண்டை வெட்டிப் பார்க்கலாம். படம் சுமாராகத்தான் வரும். ஆனாலும் எஃபேஸ்மென்ட் பரவலா, திட்டா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.