பேஸ்பால் ஸ்விங்: நேரம் தவறுவது முன்காலில்

பந்து போனபிறகு பேட் வந்தால், 'கையை வேகமா வீசு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு கையில் இருக்காது. பந்து எறிபவர் (பிட்சர்) பக்கம் இருக்கும் முன்கால் பிந்தி ஊன்றியிருக்கும். அந்த இழப்பை ஈடுகட்டக் கை திணறும்.

பிட்சர் மிதித்து நிற்கும் பட்டையிலிருந்து, அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட் என்ற தட்டு வரை 60 அடி 6 அங்குலம். மணிக்கு 145 கி.மீ. வேகப் பந்து வந்து சேர ஏறக்குறைய 0.4 வினாடி ஆகும். பேட் கிளம்பிப் பந்தைத் தொட அதில் சுமார் 0.15 போய்விடும். மிச்சமிருக்கும் கால் வினாடியில் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு காலைத் தூக்க நேரமேது? பிட்சர் தன் முன்காலை உயர்த்தி இறக்கத் தொடங்கும்போதே உங்கள் எடை பின்காலுக்குப் போகட்டும். அவர் கை முன்னே வரும்போது உங்கள் முன்கால் நகரட்டும். பந்து பாதி தூரம் வருவதற்குள் குதிகால் தரையில் இருக்க வேண்டும். சீக்கிரம் தொடங்கி நிதானமாக நகருங்கள். அவசரமாகத் தூக்கி வைத்தால் தலை ஆடும், கண் பந்தை விட்டுவிடும்.

கால்கள் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். பேட்டை உள்ளங்கையில் அமுக்காமல் விரல்களில் பிடியுங்கள். எடையைப் பின்னால் வாங்கும்போது பின்முழங்கால் பாதத்துக்கு வெளியே சாயக் கூடாது. உள்தொடையில் இறுக்கம் தெரிந்தால் சரி. முன்னே வைக்கும் அடி அரை அடி நீளம் போதும். கிரிக்கெட் ஆடி வந்தவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: டிரைவ் ஆடுவதுபோல நெஞ்சும் எடையும் முன்காலோடு சேர்ந்து போய்விடும்.

குதிகால் ஊன்றும் அந்தக் கணத்தில் கைகள் இன்னும் பின்தோள் அருகிலேயே இருக்க வேண்டும். இதுதான் ஸ்விங்கின், அதாவது பேட் வீச்சின், உயிர். இடுப்பு முதலில் திரும்பும். தோள் அதை நூல் அளவு பிந்தித் தொடரும். கடைசியில் கையும் பேட்டும். எல்லாம் ஒன்றாகத் திரும்பினால் விசை சேராது. கை பின்னால் காத்திருந்தால்தான் மெதுவான பந்து வரும்போதும் ஏமாறாமல் நிற்க முடியும். இடுப்பு திரும்பும்போது பின்முழங்கை விலாவை ஒட்டி இறங்கும், முன்முழங்கால் நிமிர்ந்து உடலைத் தடுத்து நிறுத்தும். அது மடங்கியே இருந்தால் விசை முன்னே வழிந்து வீணாகும்.

வேகப்பந்து பிளேட்டை நெருங்கும்போது ஏறக்குறைய 6 பாகை கீழ்நோக்கி இறங்குகிறது. பேட்டை மேலிருந்து வெட்டினால் இரண்டும் சந்திப்பது ஒரே புள்ளியில். சற்று மேல்நோக்கி வீசினால் பந்தின் பாதையிலேயே பேட் நீண்ட நேரம் இருக்கும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் படும். அதற்காகக் கையைத் தாழ்த்த வேண்டாம், உடலின் சாய்வே அதைச் செய்யும்.

பந்து தொடும்போது, பேட்டை மேலே பிடித்த கையின் உள்ளங்கை வானத்தையும் கீழே பிடித்த கையின் உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டு அதற்கு முன்பே புரண்டால் பந்து தரையில் உருண்டு ஓடும். கை விலாவை விட்டு அகன்றால் உடலை ஒட்டி வரும் உள்பக்கப் பந்து பேட்டின் கழுத்தில் பட்டு விரல் விறுவிறுக்கும். இதைச் சோதிக்க ஒரு வலை போதும்: பேட்டின் அடிக்குமிழைத் தொப்புளில் வைத்து, நுனி வலையைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள். அங்கிருந்து வீசும்போது நுனி வலையில் உரசினால் கை வெளியே போகிறது.

பந்தை அசையாமல் வைத்து அடிக்கும் கம்பமான டீயில், நடுப்பந்துக்கு முன்பாதத்தின் நேரே வையுங்கள். உள்பந்துக்கு அதற்கு முன்னே, உடலைவிட்டுத் தள்ளி வரும் வெளிப்பந்துக்கு அரை அடி பின்னே. பத்தில் ஐந்து முறை, கால் ஊன்றியதும் இரண்டு வினாடி உறைந்து கை எங்கே என்று பார்த்துவிட்டு அடியுங்கள். ஆனால் டீ உடலைத் திருத்தும், நேரத்தைப் பழக்காது. அதற்கு ஒருவர் தடுப்பு வலைக்குப் பின்னாலிருந்து வேகத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே வேகத்தில் துப்பும் எந்திரத்திடம் நூறு பந்து அடிப்பதைவிட இப்படி முப்பது மேல்.

வாரம் ஒருமுறை போனில் நொடிக்கு 240 படம் வீதம், பந்து வரும் வழியும் தெரியும்படி பக்கவாட்டில் எடுங்கள். குதிகால் ஊன்றிய படத்தில் நிறுத்தி இரண்டை மட்டும் பாருங்கள்: பந்து எங்கே, கை எங்கே. பந்து பாதியைத் தாண்டியிருந்தால் தொடக்கத்தை முன்னே இழுங்கள். கை அதற்குள் முன்னே வந்திருந்தால் உறைந்து நிற்கும் பயிற்சிக்கே திரும்புங்கள்.