எல்எம்358 இடத்தில் என்இ5532 போடும் முன்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத் தோப்புகளில் தொட்டி நிரம்பினால் மணியடிக்கும் சர்க்யூட்டை நம்மவர்கள் பலர் தாங்களே கட்டுகிறார்கள். அதில் இரு வோல்ட்டேஜ்களை ஒப்பிடும் ஆப்-ஆம்ப் ஐசியான எல்எம்358 கிடைக்காவிட்டால், இன்னொரு ஆப்-ஆம்ப்பான என்இ5532 போடத் தோன்றும். எட்டுக் கால்களும் அப்படியே பொருந்தும். ஆனால் எல்எம்358 இரு உள்ளீடுகளுக்கிடையே 32 வோல்ட் வரை தாங்கும். 5532இன் உள்ளே எதிரெதிராக இரண்டு டயோடுகள் உண்டு. வித்தியாசம் 0.6 வோல்ட்டைத் தாண்டினாலே அவை கடத்தும். ஒப்பிடுவதற்காக ஓர் உள்ளீட்டில் நிலையாக வைத்த ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜும் இழுபடும். மின்தடை இல்லாமல் நேரே கொடுத்திருந்தால் ஐசியே போய்விடலாம், வரம்பு 10 மில்லி ஆம்பியர்தான். பாட்டுக்கு அருமையான ஐசி, இந்த வேலைக்கு ஆகாது.

வேறு வழியில்லையா? சரி, ஒவ்வொரு உள்ளீட்டிலும் 10 கிலோ ஓம் மின்தடையைத் தொடராகப் போடுங்கள். ஐசி பிழைக்கும், அளவு சற்றுப் பிசகலாம். என்னைக் கேட்டால் ஒப்பிடுவதற்கென்றே உள்ள எல்எம்393 ஐசி வாங்குவதே மேல். அதன் வெளியீட்டுக்குப் புல்-அப் மின்தடை, அதாவது வெளியீட்டைப் பிளஸ் சப்ளையோடு இணைக்கும் மின்தடை, கட்டாயம் வேண்டும்.