உண்ணிச்செடியை வெட்டாதீர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை முதுமலையின் ஓரத்தில், காட்டை அடைத்துக்கொள்ளும் அயல்நாட்டுப் புதரான உண்ணிச்செடியை (லாண்டானா) அகற்றவென்று கோவையிலிருந்தும் கேரளத்துச் சுல்தான் பத்தேரியிலிருந்தும் வந்திருந்த இளைஞர்களைப் பார்த்தேன். இருபது பேர் கையிலும் அரிவாள். ஒருவரிடம்கூடப் பிக்காசி இல்லை. முதன்முறை வந்தபோது நானும் இப்படித்தான் நின்றேன். பளிச்சென்ற சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் பை பற்றியெல்லாம் உள்ளே நுழையும்போதே காவலர்கள் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

தரையோடு வெட்டுவது

இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. முதல் ஆண்டு எட்டு ஞாயிறுகள் உழைத்து, ஏறக்குறைய ஓர் ஏக்கரை மொட்டையடித்தோம். மான்கள் மேய வந்தன. படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். ஜூன் மழை விழுந்ததும் ஒவ்வொரு தூரிலும் ஆறேழு துளிர்கள் கிளம்பின. ஆண்டு முடிவதற்குள் முன்பைவிட அடர்ந்த புதர்ச் சுவர் எழுந்துவிட்டது. மான்கள் வரவில்லை. எங்களோடு காவலுக்கு வந்த பெட்டக் குறும்பர் பழங்குடிப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, “தேயிலைக்குச் செய்வதுபோலக் கவாத்து செய்துவிட்டீர்கள், சார்” என்றார். வெட்ட வெட்டத் தழைப்பதுதானே தேயிலை; தோட்டங்களுக்கு நடுவே வாழும் கூடலூர்க்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் இந்தச் செடியின் உயிர் இருக்கிறது. துளிர்கள் அங்கிருந்தே வருகின்றன. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழு வகுத்த முறை எளியது. மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை அறுக்க வேண்டும். பிறகு தூரைப் பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். கிளை ஈர மண்ணைத் தொட்டால் கணுவிலிருந்து வேர்விட்டுவிடும் என்பதால்தான் கவிழ்ப்பது. காய் கறுத்துப் பழமாகும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அதோடும் முடியாது. கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களிலும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். வெறும் மண்ணாக விடாமல் உள்ளூர்ப் புல்லையும் வளர்க்க வேண்டும். ஒரே ஒரு நாள் வந்து ஒரு ஏக்கரை வெட்டுகிறவரைவிட, பத்துத் தூர்களைப் பெயர்த்துவிட்டு மறுபடி வருகிறவரே காட்டுக்கு வேண்டியவர்.

பிடுங்கியதைத் தூரத்துக்கு இழுத்துச் செல்வது

வழியெல்லாம் விதைப்பீர்கள்.

கொன்றையைக் குழப்பிக்கொள்வது

வயநாட்டில் 1980களில் நிழலுக்காக நட்ட மஞ்சக்கொன்னை என்ற அயல்நாட்டு மரம் இன்று கேரள, தமிழகக் காடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்தக் கோபத்தில் ஒருவர் நம் சரக்கொன்றையில் கத்தி வைத்ததை நானே ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன். சரக்கொன்றையின் பூங்கொத்து சரமாகத் தொங்கும், சிற்றிலைகள் பெரியவை. மஞ்சக்கொன்னையின் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். சிற்றிலைகள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். இந்த மரத்தையும் வெட்டினால் பல கிளைகளாகத் துளிர்க்கும். நெஞ்சளவு உயரத்திலிருந்து வேர்வரை பட்டையை உரித்து, நின்றபடியே காயவிடுகிறார்கள். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

தனியே பின்தங்குவது

வேண்டாம். புதருக்குள் யானை நிற்பது பத்தடி தூரத்திலும் தெரியாது.

உண்ணிக்கடியை மறந்துவிடுவது

2015இல் வயநாட்டில் பலரைத் தாக்கிய குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாகப் பரவுவது. வீட்டுக்குப் போனதும் உடம்பு முழுவதும் தேடிப் பாருங்கள். அடுத்த சில நாட்களில் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அன்று அரிவாள்களை ஓரமாக வைக்கச் சொல்லி, பிக்காசிகளை வரவழைத்தேன். மாலைக்குள் எல்லோருமாகப் பதினான்கு தூர்களைப் பெயர்த்தோம். ஜூலையில் கன்று பிடுங்க யார் வருகிறீர்கள் என்று கேட்டுப் பெயர் எழுதிக்கொண்டேன். ஒன்பது பேர்.