கேளாமல் வந்த ஏ.ஐ.: வீட்டுப் போனை ஒழுங்குசெய்வது எப்படி?

குமரி மாவட்டம் தக்கலையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறேன். உடைந்த திரை, உப்பிய பேட்டரி, கிணற்றடியில் நழுவி விழுந்த போன் ஆகியவற்றோடு வந்துகொண்டிருந்தவர்களுக்கு நடுவே, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியிலிருந்து, பழுதே இல்லாத போனை நீட்டுகிறவர்களும் வரத் தொடங்கினார்கள். “வாட்ஸ்அப்பில நீலமா ஒரு வளையம் வந்து இருக்கு மக்களே, அத எடுத்துத் தா” என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. மெட்டா நிறுவனம் தன்னுடைய ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) உதவியாளரை இந்தியாவில் வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் கொண்டுவந்த மாதம் அது.

வளையத்தை எடுக்கச் சொல்லும் அம்மாவின் வீட்டிலேயே கல்லூரிக்குப் போகும் பேத்தி அதனிடம் விடுப்புக் கடிதம் எழுதி வாங்குகிறாள்; வளைகுடாவில் இருக்கும் மகன் “அதுல எதையும் தொடாதீங்க” என்று குரல் செய்தி அனுப்புகிறான். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஏ.ஐ. பற்றி 25 நாடுகளில் நடத்தி 2025-இல் வெளியிட்ட கணிப்பிலும் இதே கலவைதான் தெரிகிறது: ஆர்வத்தைவிடக் கவலையே கூடுதல் என்றவர்கள் நடுமதிப்பாக 34 விழுக்காடு, இரண்டும் சமம் என்றவர்கள் 42, ஆர்வமே கூடுதல் என்றவர்கள் 16. என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் காண்பது அச்சத்தைவிட எரிச்சலைத்தான். தங்களைக் கேளாமல் ஒன்று தங்கள் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதே என்ற எரிச்சல் அது, அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனாலும் ஏ.ஐ.யை மொத்தமாக ஏற்பதா, ஒதுக்குவதா என்று வீட்டுக்குள் பட்டிமன்றம் நடத்துவதால் பயனில்லை. ஒவ்வொரு வசதியையும் தனியே எடுத்து, “இது தவறிப்போனால் நட்டம் யாருக்கு, எவ்வளவு?” என்று கேட்டுப் பார்த்தால், எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது என்பது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரேயொரு நிபந்தனை: போன் அதன் சொந்தக்காரர் கையிலேயே இருக்க வேண்டும், பிள்ளைகள் பிடுங்கி நாலு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தால், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பெரியவர் மறுபடியும் என் கடைப் படியேறுவார்.

வளையமும் நீண்ட அழுத்தலும்

முதலில் வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்வோம். அந்த உதவியாளரை முழுவதுமாக நீக்க வாட்ஸ்அப் வழி தரவில்லை என்பதை வீட்டாரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். நீக்கித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறவரையும், இணையத்தில் கிடைக்கும் மாற்று வாட்ஸ்அப் செயலிகளையும் நம்ப வேண்டாம். அதனோடு பேசிய உரையாடலை அழிக்கலாம், ஒதுக்கி வைக்கலாம், தொடாமலும் விடலாம். “இந்த அமைப்பை இன்றே மாற்றாவிட்டால் உங்கள் எல்லாச் செய்திகளையும் ஏ.ஐ. படிக்கும்” என்று 2025-இல் சுற்றிய பார்வர்டு உண்மையில்லை. இருவருக்கு இடையிலான செய்திகள் பூட்டிய உறைக்குள் போவதைப்போல மறையாக்கத்தோடுதான் செல்கின்றன. உதவியாளரிடம் நீங்களாகக் கேட்பதும், குழுவில் அதன் பெயரைச் சுட்டி எழுதுவதும்தான் அதற்குப் போய்ச் சேரும். குடும்பக் குழுவிலோ சங்கக் குழுவிலோ யாரும் அப்படிச் சுட்டி அழைப்பதை விரும்பாவிட்டால், குழுவின் தகவல் பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு சாட் பிரைவசி’ என்பதை இயக்கிவிடலாம். உரையாடலை வெளியே ஏற்றுமதி செய்வதையும் அது தடுக்கும்.

அடுத்தது, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எழுந்து வரும் உதவியாளர். போனை அணைக்கப் போன பெரியவர்கள் இதைக் கண்டு திகைத்து, போன் கெட்டுவிட்டதாகவே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று உள்ளே போய், ‘டிஜிட்டல் அசிஸ்டன்ட் ஆப்’ என்ற இடத்தில் ‘நன்’ (None, எதுவுமில்லை) என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது எழாது. பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனியே மாற்றும் இடமும் பல போன்களில் உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி பெயர்தான் சற்று மாறும். கூகுளின் ஏ.ஐ. உதவியாளரான ஜெமினியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அதன் செயல்பாட்டுப் பதிவை மட்டுமாவது நிறுத்துவது நல்லது. பதிவு இயக்கத்தில் இருந்தால் உரையாடல்களில் சிலவற்றை மனிதர்களே படித்துத் தரம் பார்ப்பார்கள் என்றும், அப்படிப் படிக்கப்பட்டவை 3 ஆண்டுகள் வரை வைக்கப்படலாம் என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நிறுத்தினாலும் 72 மணி நேரம் வரை உரையாடல் அங்கே இருக்கும். ஆகவே ஆதார் எண், வங்கி விவரம், மருத்துவச் சீட்டின் படம், குடும்ப வழக்கு ஆகியவற்றை அதனிடம் காட்டாமல் இருப்பதே மேல்.

கூகுள் தேடலில் மேலே தோன்றும் ஏ.ஐ. சுருக்கத்தை நிரந்தரமாக அணைக்கும் பொத்தான் கிடையாது. முடிவுகளுக்கு மேலே உள்ள வரிசையில் ‘வெப்’ என்பதைத் தொட்டால் பழைய நீல இணைப்புகள் மட்டும் வரும். சமையல் குறிப்புக்கும் ஊர்ப்பெயர் விளக்கத்துக்கும் சுருக்கம் போதும். ரப்பர் ஷீட்டின் இன்றைய விலையை அதனிடம் கேட்டு, அதை நம்பி ஷீட்டை எடுத்துக்கொண்டு குலசேகரம் கடைக்குப் போகாதீர்கள். நாள் விலையை ரப்பர் வாரியம் தன் தளத்திலேயே வெளியிடுகிறது, அதைப் பார்ப்பதற்கும் அதே அரை நிமிடம்தான் ஆகும்.

நம் பேச்சு அதற்குப் புரியுமா?

இது நம் மாவட்டத்துக்கென்றே உள்ள சிக்கல் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஜெமினி செயலி தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளில் 2024 ஜூனில் வந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் இப்படிக் குரலால் கேட்கும் வசதிகள் மெய்யாகவே உதவி. ஆனால் இவற்றுக்குத் தெரிந்த தமிழ் வேறு, விளவங்கோட்டுத் தமிழ் வேறு. என் கடையில் ஒரு அம்மச்சி தன் போனின் குரல் உதவியாளரிடம், “கெணத்து வெள்ளம் கலங்கிக் கெடக்கு, என்ன செய்யணும்?” என்று கேட்டார். அது பதற்றமே இல்லாத குரலில், மேடான இடத்துக்குச் செல்லுங்கள், மின் இணைப்பைத் துண்டியுங்கள், கால்நடைகளை அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. கிணறு இருப்பதே மேட்டில்தான் என்று அம்மச்சி அதனோடு கொஞ்ச நேரம் வாதாடினார். ‘கிணற்றுத் தண்ணீர்’ என்று மாற்றிக் கேட்டதும் சரியான பதில் வந்தது. “எனக்க வீட்டு வெள்ளத்துக்கு நான் எதுக்கு பேர மாத்தணும்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில் வீட்டார் செய்ய வேண்டியது, அந்த முதியவர் வழக்கமாகக் கேட்கும் பத்துக் கேள்விகளை அவர் வாயாலேயே கேட்கவைத்து, திரையில் அது எப்படி எழுதிக்கொள்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான். மரச்சீனியை மரவள்ளிக்கிழங்கு என்றும், சாளையை மத்தி என்றும், நெய்மீனை வஞ்சிரம் என்றும் சொன்னால் பிழை குறைகிறதா என்று சோதியுங்கள். மீனில் பிழைத்தால் ஒரு நேரக் கறியோடு போகும். சர்க்கரை நோயாளி ஒருவர் மரச்சீனி தின்னலாமா என்று கேட்க, அது சீனியைப் பற்றிப் பேசினால், அதன் விலை வேறு. உணவு, மருந்து, மாத்திரை அளவு ஆகியவற்றுக்குக் குரல் உதவியாளரைக் கேட்பதில்லை என்று வீட்டில் ஒரு ஒழுங்கை இப்போதே வைத்துவிடுவது நல்லது.

படங்கள்

சித்ரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் மறைவதையும் கிழக்கே நிலவு எழுவதையும் ஒருசேரப் படமெடுக்கக் கூட்டம் முண்டும். அந்தப் படத்தில் உள்ள நிலவு எவ்வளவு தூரம் வானத்து நிலவு என்பது ஒரு கேள்வி. வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படம் ஒன்றைத் திரையில் காட்டி, சாம்சங் போனால் அதைப் படமெடுத்துப் பார்த்த ஒருவர், திரையில் இல்லாத விவரங்கள் படத்தில் வந்திருப்பதை 2023-இல் வெளியிட, பெரும் விவாதம் எழுந்தது. பொருள் நிலவு என்று அறிந்தால் ஏ.ஐ. அதன் விவரத்தைக் கூட்டும் என்று அந்த நிறுவனமே விளக்கம் தந்தது. கண்டது மட்டும் படத்தில் வேண்டும் என்போர் கேமரா செட்டிங்ஸில் ‘சீன் ஆப்டிமைசர்’ போன்றதையும், முகத்தை வெளுப்பாக்கும் ‘பியூட்டி’யையும் நிறுத்திவிடலாம். பாஸ்போர்ட், ரேஷன் அட்டை, நில அளவை போன்ற காரியங்களுக்கு எடுக்கும் படங்களுக்கு நிறுத்துவதே முறை.

2025 மார்ச்சில் ஜப்பானியக் கார்ட்டூன் பாணியிலும், செப்டம்பரில் பழைய சினிமாச் சேலைப் பாணியிலும் படம் மாற்றும் அலை வந்தபோது என் கடைக்கு வந்த பெண்பிள்ளைகள் பலர் மகிழ்ந்து காட்டினார்கள், அப்பாக்கள் முகம் சுளித்தார்கள். தடுப்பதைவிட எல்லையைச் சொல்வது எளிது: அவரவர் படத்தை அவரவர் மாற்றிக்கொள்ளட்டும், பிறருடைய படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஏற்ற வேண்டாம், சிறு குழந்தைகள் படத்தை ஏற்றவே வேண்டாம்.

பொய்க் குரல், பொய்க் கடல்

வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டிலோ கப்பலிலோ ஆழ்கடலிலோ இருக்கும் ஊர் நம்முடையது. சில விநாடிக் குரலைக் கொண்டே அதேபோல இன்னொரு குரலை உண்டாக்க இன்று முடியும் என்பதால், “அம்மா, போலீஸ் பிடிச்சிட்டாங்க, உடனே பணம் அனுப்புங்க” என்ற அழைப்பு மகனின் குரலிலேயே வரலாம். பேஸ்புக்கில் எங்கும் எழுதாத ஒரு சொல்லைக் குடும்பத்துக்குள் இரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டில் நின்ற பசுவின் பெயர் போன்றது சிறந்தது. அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள், தயங்கினால் துண்டித்துவிட்டு நீங்கள் அறிந்த எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் சொன்னால், தொகை கைமாறும் முன் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

கடல் ஊருக்குள் ஏறுவதாக வரும் பொய்க் காணொலிகள் இன்னொரு வகை. 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் கண்ட குளச்சலிலும் தூத்தூரிலும் அவை ஏற்படுத்தும் நடுக்கம் வெளியூர்க்காரருக்குப் புரியாது. இவற்றைப் பார்த்துச் சலித்தவர்கள் மெய்யான எச்சரிக்கையையும் “இதுவும் ஏ.ஐ.தான்” என்று தள்ளிவிடுவதுதான் எனக்குக் கூடுதல் அச்சம் தருகிறது. 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனபோது, கள்ளக்கடல் (முன்னறிகுறியின்றிக் கடல் பொங்குவது) எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. ஆகவே காணொலியை ஆராய்ந்து நேரம் போக்காமல், இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையமும் வானிலை ஆய்வு மையமும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள், அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் கேளுங்கள்.

கடையில் வாங்கும்போது

ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் வாஷிங் மெஷின், ஏ.சி., டி.வி. எல்லாவற்றின் மேலும் ஏ.ஐ. என்று ஒட்டியிருக்கிறது. துணியின் எடையை அறிந்து தண்ணீர் அளவை மாற்றும் மெஷின் 1990-களிலேயே ‘ஃபஸி லாஜிக்’ என்ற பெயரில் விற்றதுதான். நெட் இல்லாவிட்டாலும் அந்த வசதி இயங்குமா என்று கேளுங்கள். தடுமாறும் பதில் வந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சிம் கம்பெனிகள் தரும் இலவச ஏ.ஐ. சந்தாவை ஏற்கும்போது யு.பி.ஐ. ஆட்டோபே (தானாகக் காசு பிடித்துக்கொள்ளும் அனுமதி) கேட்டால், இலவசம் முடியும் தேதியை நாள்காட்டியில் எழுதிவைத்துவிட்டு, யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பட்டியலில் அதை ரத்து செய்துகொள்ளுங்கள்.

முறையிடுவது வீணா?

வீண் என்றுதான் பலரும் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை. கணினித் திரையில் நடப்பதையெல்லாம் படமெடுத்து வைக்கும் ‘ரீகால்’ வசதியை மைக்ரோசாப்ட் 2024 மே மாதம் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில், அது தள்ளிவைக்கப்பட்டு, பயனர் விரும்பினால் மட்டும் இயங்குவதாக மாற்றப்பட்டது. செய்திகளைத் தவறாகச் சுருக்கிய ஐபோன் வசதியைப் பி.பி.சி.யின் புகாருக்குப் பிறகு 2025 ஜனவரியில் ஆப்பிள் நிறுத்திவைத்தது. வாங்கிய பொருளைப் பற்றியானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. உதவியாளர் தவறான பதில் தந்தால், பதிலுக்குக் கீழே உள்ள கவிழ்ந்த கட்டைவிரலைத் தொட்டு, என்ன தவறு என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதலாம்.

அந்த அம்மச்சிக்கும் அப்படித்தான் செய்தோம். “எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்” என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. கிணறு மூன்றாம் நாளே தெளிந்துவிட்டது.