களைத்துப் படுத்தும் கண் அயராதது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்தில் நாள் முழுவதும் நெருக்கடி. வீடு வந்து சேரும்போது இரவு 9 மணி. இன்று படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடு விளக்கை அணைத்தால், உடல் அடித்துப் போட்டாற்போல் கிடக்க, மனம் மட்டும் மேலதிகாரி பேசிய பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறது. களைப்பும் தூக்கமும் ஒன்றல்ல என்பதே இதற்குக் காரணம். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. ஆனால் மன அழுத்தத்தால் கூடிய விழிப்பு நிலை தணியாதவரை அந்தத் தூக்க உந்துதல் நிறைந்திருந்தும் பயனில்லை. இந்த நிலையில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, தூக்கத்தை எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும் என்ற முனைப்பிலேயே பிறக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, சோர்வாக இருக்கிறது என்பதற்காக வழக்கத்தைவிட வெகு முன்னதாகப் படுப்பது. தூக்கத்தை இயக்குவது களைப்பு மட்டுமன்று, உடலின் உள் கடிகாரமும் அதில் பங்கு வகிக்கிறது என்பதைத் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். அந்தக் கடிகாரத்தின்படி, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விழிப்பாகவே இருக்க முற்படுகிறது. ஆகவே தினமும் 11 மணிக்குத் தூங்குபவர் ஒரு நாள் 9 மணிக்கே படுத்தால், அவருக்குக் கிடைப்பது கூடுதல் தூக்கமன்று; இருட்டில் கவலைப்படுவதற்கான இரண்டு மணி நேரம்தான்.

தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிடந்தால் போதும் என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். ஒருநாள் இருநாளுக்கு இது பொருந்தலாம், பழக்கமாகிவிட்டால் கெடுதல். புரண்டு புரண்டு கிடக்கும் ஒவ்வோர் இரவிலும், படுக்கை என்றால் விழித்திருக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஹாலில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தபடியே தூங்கி வழிபவர், கட்டிலில் போய்ப் படுத்ததும் முழு விழிப்புக்கு வருவது இதனால்தான். இந்தப் பிணைப்பை அறுப்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்த முறை இன்றளவும் தூக்கமின்மைச் சிகிச்சையின் அடிப்படைகளில் ஒன்றாக இருக்கிறது: ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டும், மங்கலான வெளிச்சத்தில் அமைதியான ஏதேனும் ஒன்றைச் செய்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டுமே படுக்கைக்குத் திரும்ப வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். தனி அறை இல்லாத வீட்டில், பாயை விட்டு எழுந்து ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்காருவதும் போதும்.

அந்த 20 நிமிடத்தைக் கைப்பேசியில் பார்த்து அளக்கக் கூடாது. மணி 12.40, இப்போது தூங்கினால்கூட ஐந்து மணி நேரம். அடுத்த முறை பார்க்கும்போது 1.25, நாலேகால் மணி நேரம் என்று நள்ளிரவில் போடும் இந்தக் கணக்கைப் போல் தூக்கத்தை விரட்டுவது வேறில்லை. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவது நல்லது.

எதையும் நினைக்கக் கூடாது என்று மனத்தை அதட்டுவது மற்றொரு வீண்முயற்சி. முடிக்காத வேலையைத்தான் மனம் பிடித்துக்கொள்கிறது; அதைத் தாளில் இறக்கிவைத்தால் பிடி தளர்கிறது. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு பலன். எனவே, ‘நாளை ஆபீஸ் வேலை’ என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை; ‘காலை 10 மணிக்குக் கணக்குப் பிரிவில் பேசி, திரும்பி வந்த பில்லின் தேதியைத் திருத்தச் சொல்ல வேண்டும்’ என்று எழுத வேண்டும். இதைக் கைப்பேசியில் செய்யாமல், ஒரு பழைய நோட்டில் பேனாவால் செய்வது மேல்.

கைப்பேசி என்றதும் எல்லோரும் திரையின் நீல ஒளியைத்தான் குற்றம் சாட்டுகிறார்கள். இரவு வெளிச்சம், உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தாமதப்படுத்துவது உண்மையே. ஆயினும் திரையை மஞ்சளாக மாற்றிவிட்டு, இரவு 11 மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவைத் திறப்பவருக்கு அந்த மஞ்சள் எந்த விதத்திலும் உதவாது. ஒளியைவிட உள்ளடக்கமே பெரிய சிக்கல் என்பது என் கருத்து. பகல் முழுவதும் பிறருக்காக உழைத்தவர், இந்த ஒரு மணி நேரமாவது எனக்கு என்று ரீல்ஸ் பார்ப்பதைக் குறைசொல்ல மனம் வரவில்லைதான். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்பாக நகர்த்திக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம்.

மாலை 6 மணிக்குக் குடிக்கும் ஃபில்டர் காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, பலருக்கு 11 மணிக்கும் உடலில் இருக்கும். அடினோசின் வேலை செய்ய வேண்டிய இடங்களை அது அடைத்துக்கொள்கிறது. காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும் என்பவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறையக்கூடும். இரவு 10 மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது நெஞ்செரிச்சலுக்கு வழி. மது சீக்கிரம் கண்ணை மூடவைத்தாலும், பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டாடி, குறட்டையையும் கூட்டும்.

வெந்நீர்க் குளியல் நல்லதுதான். குளித்த கையோடு படுப்பதுதான் தவறு. 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீர் கை கால்களின் இரத்தக் குழாய்களை விரித்து, உடலின் உள்வெப்பம் வெளியேற வழிசெய்கிறது. உள்வெப்பம் இறங்கும்போதுதான் தூக்கம் கூடிவரும். ஆகவே படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, பத்து நிமிடக் குளியல் போதும். சித்திரை வெயிலில் வெந்நீரா என்று கேட்பவர்கள், ஒரு வாளி இளஞ்சூட்டு நீரில் பாதங்களை மட்டும் வைத்திருக்கலாம்.

மூச்சுப் பயிற்சியையும், அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்ச்சிப் பயிற்சியையும் தூக்க மாத்திரைபோல் எண்ணிச் செய்து, தூக்கம் வருகிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்தால் இரண்டும் தோற்கும். பாதத்தில் தொடங்கி முகம்வரை ஒவ்வொரு தசையையும் சில விநாடி இறுக்கி, பிறகு அதைவிட நீண்ட நேரம் தளரவிடுவதுதான் ஜேக்கப்சன் முறை. அதைத் தூக்கம் வராத இரவில் முதன்முதலாக முயலாமல், பகலிலேயே சில வாரம் பழகிவைக்க வேண்டும்.

தெரிந்த மருந்துக்கடையில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. மருத்துவரின் சீட்டில்லாமல் அதை விற்பது சட்டப்படி குற்றம். சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்பும். சளிக்கான மாத்திரையைத் தூக்கத்துக்குப் போட்டுக்கொள்வது முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் தரக்கூடும்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சுத் திணறி விழிப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான், அதாவது தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையைத்தான், அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. அது கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். போகும்போது, படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த காபி, பகலில் போட்ட தூக்கம் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்குக் குறித்து எடுத்துச் சென்றால், அவருக்குப் பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.