தொய்ந்த கூரைச் சட்டத்தை நாமே நிமிர்த்தும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) வீட்டின் பின்பக்கம் நீட்டி, மரச்சட்டம் போட்டு, மேலே சிங்க் தகடு அடித்த அடுப்படிகள் நிறைய உண்டு. கண்ட்ராக்டர் மிச்சப் பணத்தையும் வாங்கிப் போன பிறகுதான் கூரை நடுவில் தொய்வதும் கதவு உரசுவதும் கண்ணில் படும். அப்புறம் ஆள் போனை எடுக்கமாட்டார். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று சுத்தியலைத் தூக்குவோம்.

கொஞ்சம் பொறுங்கள். எதையும் பிரிப்பதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் பத்திரமாக இருக்கட்டும். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டால் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீலும் வேண்டாம். பிரித்துப் போட்டுவிட்டால் குறையைக் காட்ட அங்கே என்ன இருக்கும்?

கதவு உரசுகிறதென்று கதவைச் சீவுவதுதான் அதிகம் பேர் செய்யும் வேலை. மேலே உத்தரம் (தூண்கள்மேல் கிடக்கும் குறுக்குச் சட்டம்) தொய்ந்து கதவு நிலையை அழுத்திக்கொண்டிருக்கும். சீவிய கதவு ஆறு மாதத்தில் மறுபடி உரசும். கூரையின் பாரம் கைமரத்திலிருந்து (தகட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டத்திலிருந்து) உத்தரத்துக்கும், அங்கிருந்து தூண் வழியாகத் தரைக்கும் இறங்க வேண்டும். அந்த வழி எங்கே அறுந்திருக்கிறது என்று மேலிருந்து கீழாகப் பார்த்து வாருங்கள். தூண் நேராக நிற்கிறதா என்பதை நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டு சொல்லிவிடும். மூலை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து இடையே அளந்தால் 5 அடி வர வேண்டும்.

கூரைக்குத் தற்காலிக முட்டுக் கொடுக்காமல் எந்தத் தூணையும் கழற்றாதீர்கள். உயிர் போகிற தவறு இது. முட்டுக்கு அடியில் அகலமான பலகை வேண்டும், இல்லையென்றால் மழை ஊறிய மண்ணில் இறங்கிவிடும். தொய்வை ஜாக்கி வைத்து ஒரே மூச்சில் தூக்காமல், சில நாள் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். அவசரப்பட்டால் பக்கத்துச் சுவர் வெடிக்கும்.

தொய்ந்த உத்தரத்தின் நடுவில் ஒரு துண்டுக்கட்டையை ஆணியடித்து ஒட்டுவதில் பலன் இல்லை. பழையதை ஒட்டியே முழுநீளச் சட்டம் வைத்து, இரண்டு முனையும் தூணில் உட்காரும்படி, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஒயர்மேன் குழாய் விடுவதற்காக உத்தரத்தின் அடிப்பக்கத்தை நடுவில் வெட்டியிருந்தால் தொய்வுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். இழுவிசை முழுவதையும் தாங்குவது அந்த அடிப்பக்கம்.

சிலிங் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்குரூ இங்கே உதவாது, பாரம் ஏறினால் படக்கென்று முறியும். ரப்பர் மரம் இந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் வண்டும் சீக்கிரமே தின்றுவிடும். மருந்து ஏற்றிய மரம் வாங்கினாலும், அறுத்த முனையில் மறுபடி மருந்து தடவ வேண்டும். அறுத்த துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள், புகை நஞ்சு.

பழைய தோட்டத்து வீடு என்றால் கூரைத் தகடு கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) சிமெண்டாக இருக்கலாம். அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது, தூசி நுரையீரலில் தங்கிவிடும். வீடு தோட்டக் கம்பெனியுடையது என்றால் தோட்ட மானேஜரிடம் கேட்காமல் தூணைத் தொடாதீர்கள்.