தாத்தா வீட்டுப் பத்திரத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

தேவகோட்டையில் பூட்டிக் கிடக்கும் தாத்தா வீடு யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பினாங்கிலிருந்து மூன்று தடவை போய் வந்தேன். முதல் இரண்டு பயணமும் பட்டா, வீட்டு வரி ரசீது என்று அலைந்ததிலேயே முடிந்துவிட்டது. பட்டா வருவாய்த் துறைப் பதிவேடு. இன்றைக்கு யார் பெயர் ஏறியிருக்கிறது என்று சொல்லும். அந்த வீடு யாரிடமிருந்து யாருக்கு, எப்படி வந்தது என்பதைச் சொல்ல பத்திரம்தான் வேண்டும். அதனால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள்.

கிளம்புவதற்கு முன்பே வீட்டிலிருந்தபடி செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவுத் துறையின் டிஎன் ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், தேடிப் பார்க்கலாம். நகராட்சிப் பகுதி என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் கேட்கும். வருவாய்த் துறையின் இணைய சேவையில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்த்து அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சர்வே எண் தெரிந்தால் அதைப் போட்டும் தனியாகத் தேடுங்கள். ஆனால் இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகள்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு நேரில் மனுப் போட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட வரவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தால் சிக்கல் இல்லை என்று அர்த்தமில்லை. தகப்பன் இறந்து பிள்ளைகளுக்கு வந்த சொத்து அதில் ஏறாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் ஏறாது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குச் சட்டப்படி பதிவே கட்டாயமில்லை. அந்தக் காலத்தில் சின்ன ஊர் மனைகள் அந்த விலைக்குள்தான் கைமாறின.

அப்போதுதான் ஒரு வயதான பத்திர எழுத்தர், "பக்கத்து வீட்டுக்காரர்ட்ட பத்திரம் இருக்கான்னு கேளுங்க தம்பி" என்றார். பழைய பத்திரத்தில் சொத்து விவரம் நான்கு எல்லையால் எழுதப்பட்டிருக்கும்: இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு என்று. பக்கத்து வீட்டின் 1938ஆம் ஆண்டுக் கிரயத்தில், கிழக்கு எல்லையாக எங்கள் வீடு நின்றது. ஆனால் அதில் இருந்தது தாத்தாவின் பெயரில்லை. நாங்கள் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு பெயர். அந்தப் பெயரை வைத்து அலுவலகத்துப் பெயர் அட்டவணையில் தேடச் சொன்னோம். 1944இல் அவர் தாத்தாவுக்கு எழுதிக்கொடுத்த கிரயம் கிடைத்தது. ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்துவிட்டால் சான்றிட்ட நகல் வாங்குவது எளிது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். நாலு பக்கத்து வீட்டுக்காரர்களோடும் நல்லபடியாக இருங்கள், போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.

நகல் கையில் வந்ததும் எல்லையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். விற்பவருக்கு அது எப்படி வந்தது என்று நடுவில் எழுதியிருக்கும்: பிதுரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா), சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா), எந்த வருஷத்துக் கிரயம், என்ன நம்பர் என்று. அதுதான் முந்திய பத்திரத்துக்கு வழி காட்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போனால் எல்லாவற்றுக்கும் மூலமான தாய்ப்பத்திரத்தில் போய் நிற்கலாம்.

பழைய எழுத்தைப் படிக்கச் சில குறிப்புகள். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௸ மேற்படி. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விக்கிருதி என்றால் 1890ஆகவும் இருக்கலாம், 1950ஆகவும் இருக்கலாம். பழைய வருவாய்க் கணக்கு ஆண்டான பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறத்தாழ வரும். 1910க்குப் பிறகு, 1985இல் சிவகங்கை தனி மாவட்டமாகும் வரை எழுதியவற்றில் ராமநாதபுரம் ஜில்லா என்றுதான் இருக்கும். ஊர் மாறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். செட்டிநாட்டுப் பக்கம் முன்னெழுத்துகளைக் கவனமாகப் பாருங்கள். பிள்ளை கூட்டிப் போனவருக்கு, அதாவது வேறு வீட்டுக்குத் தத்துப் போனவருக்கு, முன்னெழுத்தே மாறிவிடும். ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார், சங்கிலி அறுந்ததுபோல் இருக்கும்.

அப்புறம் அத்தைமார். தாத்தா தானே வாங்கிய வீட்டை உயில் எழுதாமல் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு காலமாகியிருந்தால், மகன்களுக்குள்ள அதே பங்கு மகள்களுக்கும் பாட்டிக்கும் உண்டு. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று பாருங்கள். "அவங்க எல்லாம் கேட்க மாட்டாங்க" என்று ஊரில் யார் சொன்னாலும் அதை நம்பி மேலே எதுவும் செய்யாதீர்கள். முதலில் அத்தையிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். பதிவான உயில் ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலைக் கேட்டு வாங்க முடியும்.

போகிற நாளையும் யோசித்து வையுங்கள். முகூர்த்த நாளில் பதிவு அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது. டோக்கனைக்கூடக் கூட்டிக் கொடுப்பார்கள். ஆடியில் கிரயம் செய்யப் பலர் தயங்குவார்கள் என்பதால், ஆடிப் பெருக்கைத் தவிர்த்த மற்ற நாட்களில் பழைய புத்தகத்தைப் பொறுமையாகத் தேடித் தரச் சொல்ல முடியும். அசல் பத்திரங்களை எடுத்துக்கொண்டு அலையாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

வேலை முடியாமல் திரும்பும்படி ஆனால், ஊரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி அனுப்பலாம். வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று வாங்கி அனுப்பிய பத்திரத்துக்கு, அது இந்தியாவில் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதில் பதிவேடுகளைத் தேடவும் நகல் வாங்கவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை எழுதிவிடாதீர்கள்.